சதுப்பில் ஊன்றிய தலைக்கட்டு

தாராவியில் முதலில் குடிசை போட்ட தமிழர் யார்? கேட்டால் ஒவ்வொரு சந்திலும் ஒரு பெயர் வரும். ஒருவருக்கு அது தன் பூட்டன். இன்னொருவருக்கு ஊர்ச் சங்கத்தின் முதல் தலைவர். வேறொருவருக்குத் தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த ஒரு ராவுத்தர். பெயர் எளிதாக வந்துவிடுகிறது. அவர் எந்த ஆண்டு வந்தார், யாரோடு வந்தார், மனைவி எப்போது வந்து சேர்ந்தாள், எத்தனை பிள்ளைகள் தங்கின என்று அடுத்த கேள்விகளுக்குப் போனால்தான் பதில் மெலிகிறது. நூறு ஆண்டைத் தாண்டிய ஒரு குடியேற்றத்துக்கு இவ்வளவு குறைவான குடும்ப வரலாறு இருப்பது இயல்பானதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த முன்னோரை எங்கே தேடினார்கள், என்ன கிடைத்தது, எங்கே தேடாமல் விட்டார்கள் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் இடம். தாராவி இன்று மும்பையின் நட்டநடுவில் இருப்பதால், அது ஒருகாலத்தில் எல்லைப்புறம் என்பது மறந்துபோயிற்று. மாஹிம் உப்பங்கழியின் தென்கரையில், பம்பாய்த் தீவு முடிகிற இடத்தில் இருந்தது அது. கழிக்கு அப்பால் இருந்த சால்செட் தீவு 1730களின் இறுதி வரை போர்ச்சுக்கீசியர் கையில். பிறகு மராட்டியர் கையில். தங்கள் வட எல்லையைக் காக்க ஆங்கிலேயர் கட்டிய கோட்டை வரிசையில் ஒன்றுதான் தாராவியில் இன்றும் நிற்கும் காலா கில்லா. கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737இல் எழுந்தது என்று அதன் கல்வெட்டே சொல்கிறது. படைகள் போன பின்னும் எல்லை போகவில்லை. 1950இல் புறநகர்கள் இணைக்கப்படும் வரை பம்பாய் மாநகராட்சியின் வடக்கு வரம்பு மாஹிம், சயான் பக்கம்தான். நகரம் தனக்கு வேண்டாதவற்றையெல்லாம் தள்ளிய விளிம்பு இது. மாநகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டு காலத்தில், 1860களில், ஆடு மாடு அறுக்கும் தொட்டி கழிக்கு அக்கரையிலுள்ள பாந்திராவுக்குப் போனது. அதை ஒட்டியே தோல் தொழில் தாராவிப் பக்கம் வேர்பிடித்தது. 1896இல் பிளேக் வந்தது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்து, நெரிசலான தெருக்களை இடித்தது. இடம் இழந்த ஏழைகள் வடக்கு நோக்கி நகர்ந்தார்கள்.

ஆனால் அந்த விளிம்பு வெறும் இடமாக இருக்கவில்லை. தாராவி கோலிவாடா பம்பாயின் பெரிய மீனவர் ஊர்களில் ஒன்று. கோலி மக்கள் அந்தக் கழியில் வலை போட்டு வாழ்ந்தவர்கள். சதுப்பு மேடாக மேடாக அவர்கள் தொழில் சுருங்கியது; பின்னால் மித்தி ஆற்றின் அழுக்கு மிச்சத்தையும் முடித்தது. முன்னோர் பெருமையைப் பேசும்போது நம்மவர் இதை விட்டுவிடுகிறார்கள். நம் பூட்டன் மண் கொட்டி மேடாக்கிய இடம் இன்னொருவரின் மீன்பாடு. அதைச் சொல்லாத குடும்ப வரலாறு அரைகுறையானது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏன் அங்கே போனார்கள் என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் நினைவில் ஆழமாக இருக்கிறது. அதே 1876க்குள் தூத்துக்குடி வரை ரயில் வந்துவிட்டது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871இல், சென்னை ரயிலும் பம்பாய் ரயிலும் ராய்ச்சூரில் கைகோத்திருந்தன. பஞ்சம் விரட்டியது, ரயில் வழி விட்டது என்று இரண்டு வரியில் முடிக்கலாம்தான். ஆனால் விரட்டியது பஞ்சம் மட்டும் இல்லை. தாமிரபரணிப் பாசன நிலத்தில் ஆதிதிராவிடருக்கும் பள்ளருக்கும் வயல் வேலை உண்டு, பங்கு இல்லை. தெருவுக்குத் தெரு தடை, குடத்துக்குக் குடம் தடை. தேரிக்காட்டுப் பக்கம் பனையேறிக் குடும்பங்களுக்குப் பதனீர்ப் பருவம் முடிந்தால் கையில் எதுவும் இல்லை. தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போவது பழகிய பாதை. பம்பாய் இரண்டாவது பாதையாகத் திறந்தது. கங்காணியிடம் கடன்படாமல் போகலாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம்.

போனவர்களை இழுத்தது தோல். தென்மாவட்ட முஸ்லிம் வணிகர்களுக்கும் பதனிடுபவர்களுக்கும் தோல் தொழில் தெரியும். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, மயிர் வழித்து, உட்சதை சீவி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாள்கணக்காகக் கிடத்தும் தென்னாட்டு முறைக்கு உலகச் சந்தையிலேயே பெயர் இருந்தது. அந்த வேலைக்கு வேண்டியவை மூன்று: ஏராளமான தண்ணீர், கழிவுநீர் ஓட ஒரு கழி, நாற்றத்தைப் பற்றி முறையிட அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாமை. தாராவியில் மூன்றும் இருந்தன. தொட்டியில் இறங்கி நிற்கும் வேலையை மற்றவர்கள் தொடமாட்டார்கள். ஊரில் எந்தச் சாதிக்கு அந்த வேலை ஒதுக்கப்பட்டதோ அந்தச் சாதி ஆட்களுக்குப் பம்பாயில் அது ரொக்கக் கூலி தந்தது. விடுதலையும் பழைய தளையும் ஒரே தொட்டியில் கிடந்தன. அந்தத் தலைமுறை இரண்டையும் சேர்த்தே ஏற்றது. பிறகு 1915இல் மாட்டுங்காவில் ரயில் பெட்டிப் பணிமனை வந்தது. துறைமுகம், மாநகராட்சித் துப்புரவு என்று வேறு வாசல்களும் திறந்தன.

இவர்கள் வந்து நிலைத்ததற்குக் கல்லில் நிற்கும் சாட்சிகள் மூன்றைச் சொல்லலாம். 1887இல் தொடங்கிய படி மசூதி. 1913இல் எழுந்த கணேசர் கோயில். 1924இல் கட்டப்பட்ட பள்ளிக்கூடம். தாராவியின் முதல் பள்ளி, பம்பாயின் முதல் தமிழ்ப் பள்ளி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் வளர்ச்சி தெரிகிறது. தனியாக வந்த ஆண்கள் தொழ ஓர் இடம் தேடுகிறார்கள். வரி பிரித்துக் கோயில் கட்டும் அளவுக்கு ஆள் சேர்கிறது. பிள்ளைகள் கூடவே வளர்வதால் பள்ளி தேவைப்படுகிறது. 1887க்கும் 1924க்கும் நடுவே எங்கோதான் பெண்கள் பெருமளவில் வந்திருக்க வேண்டும். அந்த வருகையைப் பற்றித்தான் நமக்கு மிகக் குறைவாகத் தெரியும். பிறகு அதற்கு வருகிறேன்.

அரசுப் பதிவேடுகளில் ஏன் இவர்கள் இல்லை? இங்கே ஓர் ஒப்பீடு கண்ணைத் திறக்கும். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பிலுள்ள மச்சம் வரை கப்பல் பட்டியலில் இருக்கிறது. மொரீஷியஸில் மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறிகளின் பதிவுகளோடு புகைப்படங்களும் உண்டு. இன்று டர்பனில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி தன் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் வந்தான் என்று தேடி எடுத்துவிட முடியும். தாராவியில் இருப்பவளால் முடியாது. அவள் முன்னோர் கடல் தாண்டவில்லை. மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கி, ரயிலேறி, தானாக இறங்கி நடந்தவர். சுதந்திரமாகப் போனவனை யாரும் எழுதிவைக்கவில்லை. கட்டுண்டு போனவனின் வம்சம் காகிதத்தில் இருக்கிறது. இந்த அநீதியை நம் வரலாற்றாசிரியர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஒப்பீடு அமெரிக்காவோடு. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே எல்லைப்புறத்துக்குப் போன குடும்பத்துக்கு 160 ஏக்கர். ஐந்து ஆண்டு குடியிருந்து நிலத்தைத் திருத்தினால் பட்டா. அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்த பழங்குடிகளைத் துரத்திவிட்டுக் கொடுத்த பட்டா அது. ஆனாலும் குடியேறியின் கையில் காகிதம் இருந்தது. பேரர்கள் அதை வைத்துக் குலவரலாறு எழுதுகிறார்கள். தாராவிக் குடியேறி நிலத்தைத் திருத்தியதோடு நிற்கவில்லை, நிலத்தையே உண்டாக்கினார். ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் செங்கல் உடைசல், தேங்காய் மட்டை, குப்பை, சாம்பல் என்று கிடைத்ததைக் கொட்டி, மழையில் அமுங்கியதும் மறுபடி கொட்டி, பலகை போட்டு நடந்து, காலடி உறுதியானதும் தகரமும் சாக்கும் கட்டினார்கள். அதற்குப் பட்டா கிடையாது. மாநகராட்சி காலிமனைக் குத்தகை என்ற பெயரில் தரைக்கு மட்டும் வாடகை வாங்கியது. மேலே நிற்கும் வீட்டுக்கு உரிமை எதுவும் தரவில்லை. அந்த வாடகை ரசீதுகள் இருக்கும் வீடுகளில் அவைதான் குடும்பத்தின் பழைய காகிதம்.

ஆய்வாளர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. அமெரிக்க மானுடவியலாளர் ஓவன் லிஞ்ச் 1970களில் தாராவியில் ஆதிதிராவிடரின் அரசியல் அணிதிரளலை ஆராய்ந்து 1974இல் எழுதினார். பம்பாய்க்கு வந்த பின் சாதி கரைந்துவிடும் என்ற பொதுவான எதிர்பார்ப்புக்கு மாறாக, அது சங்கமாகவும் வாக்காகவும் உருமாறுவதை அங்கே காண முடிந்தது. கல்பனா சர்மாவின் 2000ஆம் ஆண்டு நூல் தாராவியை வாடாக்களாக, நகர்களாகப் பிரித்து, மனிதர்களின் வாய்மொழியைக் கேட்டது; மசூதி, கோயில், பள்ளி ஆண்டுகளைப் பலர் அறிந்தது அதன் வழியாகத்தான். பிரெஞ்சு ஆய்வாளர் மரி-கரோலின் சாக்லியோ-யாட்சிமிர்ஸ்கி தோல் தொழிலாளரைத் தொடர்ந்து பல ஆண்டு கவனித்து 2013இல் பெரிய நூல் தந்தார். லிசா வைன்ஸ்டீன் 2014இல் இடிப்புக்கும் நிலைப்புக்கும் இடையிலான அரசியலை எழுதினார். இவர்கள் எல்லோருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். இருந்தாலும் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. தாராவியை எழுதுபவர்கள் தாராவியிலேயே நிற்கிறார்கள். குடும்பத்தின் மறுமுனை திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறது; அங்கே போய் உட்கார்ந்து அதே குடும்பத்தைக் கேட்டு எழுதிய வரலாறு இன்னும் பெரிதாக எழவில்லை.

சினிமா வேறொரு முன்னோரைக் கொடுத்தது. 1987இல் வந்த ‘நாயகன்’ தூத்துக்குடியிலிருந்து ஓடிவரும் சிறுவனைத் தாராவியின் தலைவனாக்கியது. தூத்துக்குடியில் பிறந்து, விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கித் தொடங்கி, மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயத்தில் வளர்ந்த வரதராஜ முதலியாரின் சாயல் அதில் உண்டு என்பது ஊரறிந்தது. அவர் 1988 ஜனவரியில் சென்னையில் இறந்தார். 2018இல் பா. ரஞ்சித்தின் ‘காலா’ திருநெல்வேலிக் கரிகாலனை முன்னிறுத்தி, நிலம் யாருக்கு என்ற கேள்வியைத் துணிந்து கேட்டது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டிலும் முன்னோர் என்பவர் தனி ஆண். வெள்ளைச் சட்டையோ கறுப்புச் சட்டையோ போட்டு நடுவில் உட்கார்ந்திருப்பவர். தாராவியை நிலைநிறுத்தியது அப்படி ஓர் ஆள் அல்ல. அதைச் செய்தது இரண்டு ஊர்களில் கால் வைத்து நின்ற குடும்பம். அந்தக் குடும்பத்தின் பாதி வேலை பெண்ணுடையது.

வழக்கமான கதைப்போக்கு இது: அண்ணன் போகிறான். ஒரே ரூமில் பத்துப் பேர். ஒருவர் வேலைக்குப் போகையில் ஒருவர் தூங்குவார். மாதாமாதம் மணியார்டர் வரும். இரண்டு மூன்று வருஷத்தில் தம்பியை, மச்சானை, பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துக்கொள்கிறான். சித்திரை, வைகாசியில் கோயில் கொடைக்கு ஊருக்கு வருகிறான், அப்போதே கல்யாணம். மனைவி ஊரில் மாமியாரோடு. ஒரு நாள் அவளும் ரயிலேறுகிறாள். அவள் ஏறிய அன்றுதான் குடியேற்றம் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன். அதுவரை நடந்தது வெளியூர் வேலை. அவள் வந்த பின் அடுப்பு வருகிறது. அடுப்புக்குத் தனிக் குடிசை வேண்டும். குடிசைக்கு மேடு வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் விடியுமுன் எழுந்து தொலைவுக் குழாயடியில் வரிசை நின்று குடம் சுமந்தது அவள். ஓதம் ஏறிய இரவில் பிள்ளைகளைப் பலகைமேல் தூக்கிப் போட்டது அவள். ஆள் இல்லாத நேரம் பார்த்து நகராட்சி வண்டி இடிக்க வந்தபோது வாசலில் நின்றதும் பெரும்பாலும் அவளே. ஆண்கள் வேலையில் இருப்பார்கள். மாவாட்டி இட்லி அவித்து விற்பது தாராவித் தமிழர்களின் பெரிய தொழிலாக இன்று இருக்கிறது. விடியற்காலையில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி நகரமெங்கும் போகிறவர் ஆண். இரவு அரைத்த கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பெண்ணை ஆவணத்தில் தேடுவது ஏன் கடினம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். தாராவியில் வாழ்ந்தவள் ஆழ்வார்திருநகரிப் பக்கமோ நாங்குநேரிப் பக்கமோ பிள்ளை பெற்றுக்கொண்டு கைக்குழந்தையோடு திரும்பியிருப்பாள். பிறப்புப் பதிவு ஊரில், அதுவும் பதிந்திருந்தால். இப்படித் தாராவியிலேயே வளர்ந்த மூத்த பிள்ளை காகிதப்படி வெளியூர்க்காரனாகிறான். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஊர்க் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடு கைகொடுக்கும். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆனால் ஊர்முனையில் வேறு பதிவேடுகள் இருக்கின்றன. தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் கொடைக்கு வரி போடுவது தலைக்கட்டுக் கணக்கில். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவன் ஒரு தலைக்கட்டு. வெளியூரில் இருந்தாலும் வரி உண்டு. வரி கட்டாவிட்டால் கொடையில் உரிமை இல்லை, ஆகவே பம்பாய்க்காரர்கள் ஊரில் இருப்பவர்களைவிடக் கண்ணும் கருத்துமாகக் கட்டினார்கள். எந்த ஆண்டு நோட்டில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் முதன்முதலாக ‘பம்பாய்’ என்று எழுதப்பட்டது, எந்த ஆண்டு அவர் மகன் தனித் தலைக்கட்டானான், எந்த ஆண்டு பெயர் அடிபட்டு மனைவி பெயர் வந்தது என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். சில ஊர்களில் கைம்பெண்ணுக்கு அரைவரி; அந்த அரை என்ற குறிப்பே ஓர் இறப்பின் தேதியைக் காட்டும். அடுத்தது மொய் நோட்டு. யார் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார் என்பதில் பெயர், தகப்பன் பெயர், ஊர், பல சமயம் தாராவியின் சந்து வரை இருக்கும். பெண் வழி உறவு அரசுக் காகிதத்தில் தெரியாது. தாய்மாமன் மொய்யில் தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகைகளும் அப்படியே: பாட்டன் பெயர், பூர்வீகம், பம்பாய் முகவரி மூன்றும் ஒரே தாளில். கறையான் தின்னும் முன் இவற்றைப் படமெடுத்து வைப்பது ஒரு பல்கலைக்கழகத் துறை இரண்டு கோடைகாலத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை. இது ஏன் இன்னும் நடக்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தெய்வமும் ஒரு பதிவேடுதான். குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் நிலையம் போடுவது தெற்கத்தி வழக்கம். தாராவியின் சிறு கோயில்கள் ஒவ்வொன்றிலும் மண் எங்கிருந்து வந்தது, எடுத்து வந்தவர் யார் என்று கேட்டால் எந்த ஊர்க் கூட்டம் எந்தச் சந்தில் முதலில் இறங்கியது என்ற வரைபடம் உருவாகும்.

பம்பாய்த் தமிழரின் இன்னொரு குடியேற்றமான மாட்டுங்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அந்தக் கதை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. தாராவிக்கு மிக அருகில், அதே நகர மேம்பாட்டு டிரஸ்ட் மனை போட்டு சாலை போட்டுக் குத்தகைக்கு விட்ட நிலத்தில், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்த தஞ்சாவூர், பாலக்காட்டு அந்தணக் குடும்பங்கள் அடுக்குமாடி வாடகை வீடுகளில் குடியேறின. நிகில் ராவ் 2013இல் எழுதிய நூல் அந்த வீடுகளின் உள்ளமைப்பு வரை ஆராய்கிறது. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தொடங்கியது. 1952இல் சண்முகானந்தா சபை. அவர்களும் குடியேறிகளே, தங்கள் இடத்தைத் தாங்களே உருவாக்கியவர்களே. வித்தியாசம் என்னவென்றால், அவர்களுக்குச் சம்பளப் பட்டியல், வாடகை ஒப்பந்தம், சங்க ஆண்டறிக்கை எல்லாம் உண்டு. தாராவியின் தமிழ்ப் பள்ளி 1924இலேயே எழுந்துவிட்டது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொட்டியில் நின்றவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளி கேட்டது, குமாஸ்தாக்கள் தங்கள் கல்விக் கழகத்தைத் தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு.

எல்லைப்புறம் பிறகு கிழக்கே நகர்ந்தது, செம்பூருக்கும் மான்கூர்டுக்கும் டிராம்பேவுக்கும். இங்கே ஒரு குடியேறியின் வாழ்க்கை நமக்கு முழுதாகவே தெரியும். ஜாக்கின் அற்புதம் 1947இல் கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1963இல் பம்பாய் வந்தார். தச்சு வேலை பார்த்தார். மான்கூர்டில் ஜனதா காலனியில் தங்கினார். குப்பை அள்ள நகராட்சி வராதபோது பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொண்டுபோய் நகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தார். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்தக் காலனியைக் காலி செய்யச் சொன்னார்கள். நீதிமன்றம், டெல்லி என்று பல ஆண்டு போராடியும், நெருக்கடி நிலையின்போது 1976 மே மாதம் சுமார் 70,000 பேர் வெளியேற்றப்பட்டு டிராம்பேயில் சீட்டா கேம்ப் என்ற சேற்று நிலத்தில் விடப்பட்டார்கள். அங்கே மறுபடி முதலிலிருந்து: மண் கொட்டுதல், பலகை, தகரம். தாராவியில் பூட்டன் தலைமுறை செய்ததை இவர்கள் அரசாங்கத்தின் உத்தரவால் செய்தார்கள். 1974இலேயே அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பின்னால் எடுத்துக்கொண்ட ஆயுதம்தான் நம் கேள்விக்கு முக்கியமானது. அது கணக்கெடுப்பு. குடிசைவாசிகளே வீடு வீடாகப் போய்த் தங்களை எண்ணி எழுதினார்கள். 1985இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பங்கு தாராவிக்கு என்றானபோது, அரசு சொன்ன குடும்ப எண்ணிக்கையை விட மக்களே எடுத்த எண்ணிக்கை மிக அதிகமாக வந்தது. ஜாக்கின் 2000இல் மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார்.

1966இல் சிவசேனை பிறந்து தென்னிந்தியரைக் குறிவைத்ததையும் குடும்ப வரலாற்றில் சேர்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பல வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள் என்று முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். சிலர் திரும்பினார்கள், சிலரின் படிப்பு ஊரிலேயே முடிந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் மராத்தி பேசுபவனாகவும் தம்பி பேசாதவனாகவும் இருப்பதன் காரணத்தை இப்படியும் தேடலாம்.

இன்று இந்தக் கேள்வி நூலகத்தில் இல்லை, வீட்டு வாசலில் நிற்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குப் போனது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாகக் காட்ட முடிந்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வாடகையோடு விலை கட்டும் முறையில், தாராவிக்கு வெளியே. திட்டத்தின் பிற நல்லது கெட்டதை இங்கே பேசவில்லை; குடும்பம் என்ற கோணத்தில் மட்டும் பார்க்கிறேன். பூட்டன் மேடாக்கிய பத்துக்குப் பன்னிரண்டு அடித் தரையில் மூத்தவன் இருக்கிறான். தம்பிக்குக் கல்யாணமானபோது மேலே ஒரு தளம் போட்டு இரும்பு ஏணி வைத்தார்கள். ஊர்க் கணக்கில் இருவரும் இரண்டு தலைக்கட்டு, சம உரிமை. புதிய கணக்கில் கீழே இருப்பவன் தாராவிக்காரன், மேலே இருப்பவன் வெளியே போக வேண்டியவன். தரையில் இடம் இல்லாமல் மேலே போனது தாராவிக் குடும்பங்கள் வளர்ந்த ஒரே வழி. அதையே தகுதிக் குறைவாக்குவது, அண்ணன் தம்பி உறவின் மேல் ஏணியை வைத்து அளப்பது, எனக்குச் சரியாகப் படவில்லை.

காகிதம் காட்டுவதிலும் பழைய சிக்கல் தொடர்கிறது. 1976 ஜனவரியில் எடுத்த குடிசைக் கணக்கெடுப்பின் புகைப்படச் சீட்டு பல வீடுகளில் முதல் அரசு ஆவணம். அது குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும், அவர் போயிருப்பார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மகாராஷ்டிரத்துப் படிவத்துக்குப் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் மூன்றும் வேண்டும். ஒரு தலைமுறை தகப்பன் பெயரைக் கடைசியில் எழுதியது. இன்னொன்று ஊர்ப் பெயரை. வேறொன்று சாதிப் பெயரை. பாட்டன், மகன், பேரன் மூவரும் மூன்று குடும்பத்தவர் போலக் காகிதத்தில் நிற்கிறார்கள். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி கரைமீறியபோது, டிரங்குப் பெட்டியோடு நனைந்துபோன ரேஷன் அட்டைகளும் ரசீதுகளும் எத்தனையோ.

ஊர்முனைப் பதிவேடுகளைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். கொடை வரி நோட்டும் மொய் நோட்டும் தகுதிக்கான ஆவணப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு பேரன் இன்னாருடைய பேரன்தான் என்பதை, பெயர் மூன்று விதமாக எழுதப்பட்ட பின்னும், வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மும்பையில் எழுத்தாளர் அம்பை 1988இல் தொடங்கிய ஸ்பாரோ, பெண்களின் குரலையும் படத்தையும் காகிதத்தையும் சேர்த்துவைக்கும் காப்பகமாக இயங்குகிறது. என்ன சேர்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு மாதிரி நம் கண்முன்னே இருக்கிறது. தாராவியின் ஊர்ச் சங்கங்கள் தத்தம் கிராமத்துக் கோயில் தர்மகர்த்தாக்களிடம் கேட்டால் நோட்டுகள் கைக்கு வரும். எண்பது தாண்டிய பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: முதல் முறை யாரோடு ரயிலேறினீர்கள், இறங்கிய அன்று எங்கே சமைத்தீர்கள், மேடு போட மண் யார் சுமந்தது, ரூமுக்குக் கொடுத்த பணம் யார் நகையை வைத்து வந்தது. கணக்கெடுப்பு ஆட்கள் கதவு தட்டிப் போகிற அதே மாதங்களில் இந்தக் கேள்விகளையும் கேட்டு எழுதிவிட வேண்டும்; கட்டடங்கள் இடிபட்டுக் குடும்பங்கள் முலுண்டுக்கும் தேவ்னாருக்கும் சிதறிய பின் யார் வீட்டுக்கு அடுத்த வீடு யாருடையது என்பதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்.